விண்ணப்பத்தில் எழுதிய கிணறு

புதிதாகச் சங்கச் செயலாளராகி வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது ஒன்றுதான். "ரீச்சர், தரும நிதிக்காரருக்கு விண்ணப்பம் எழுதுறது எப்பிடி?" எப்படி எழுதக் கூடாது என்று கேளுங்கள் பிள்ளைகளே. அதில் எனக்கு நிகராக வடமராட்சியில் ஆளில்லை.

நான் எழுதிய முதல் விண்ணப்பம் பதினொரு பக்கம். எங்கள் மாதர் சங்கத்துக்கு இரண்டு தையல் மெசின் வேண்டியிருந்தது. கேட்க வேண்டியது அவ்வளவுதான். ஆனால் முன்பின் தெரியாத கொழும்பு மனிதரிடம் கை நீட்டும்போது, எங்களைப் பிச்சைக்காரர் என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்குள் ஒரு உதறல். அதனால் முதல் மூன்று பக்கம் கோயிலின் பெருமை. அடுத்த மூன்று ஊர்ப் புகையிலையின் பெருமை. பிறகு மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்ரர்களாகவும் கிளாக்கர்களாகவும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளின் பட்டியல், உத்தியோகத்தோடு. தையல் மெசின் பதினோராம் பக்கத்தில், கடைசிக்கு முந்திய வரியில் வந்து சேர்ந்தது. ஒரு மாதத்தில் பதில் வந்தது. "இவ்வளவு சீரும் சிறப்புமாக இருக்கும் ஊருக்கு எங்கள் உதவி தேவைப்படாது என்பதை அறிந்து மிகவும் மகிழ்கிறோம்."

அந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாமல் அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து கேட்பதை முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இது சிரித்துவிட்டுப் போகிற பிழை. அடுத்ததாகச் சொல்லப் போகும் பிழையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊரில் படித்த மருத்துவிச்சி ஒருவர் இருந்தார். ஊரே அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். இருபத்தாறு வயது, ஒரு கறுப்புக் குடை, ஒரு தோல் பை, எந்தப் பெரிய மனிதருக்கும் மடங்காத வாய். வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அந்தப் பிடியரிசியைச் சங்கம் சேர்த்து விற்று மிஸ்ஸிக்குச் சம்பளம் கொடுத்தது. அவர் குடியிருந்தது ஓர் ஓலைக் கொட்டில். பிள்ளைப்பேற்றுக்கு வீடு வீடாக நடந்து போவார். பேறு சிக்கலானால் தாயை மாட்டு வண்டிலில் ஏற்றிப் பருத்தித்துறை ஆசுபத்திரிக்கு விட வேண்டும். மழைக்காலத்தில் அந்த வண்டில் போய்ச் சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மிஸ்ஸி கேட்டது இரண்டு கட்டில் போடக்கூடிய ஒரு கல் வீடு. இதற்கிடையில் மலைநாட்டுத் தோட்ட ஆசுபத்திரி ஒன்று அவருக்கு வேலையும் விடுதியும் தருவதாக எழுதியிருந்தது. என்னிடம் நேராகவே சொன்னார்.

"தை முடியுமட்டும் பாப்பன் ரீச்சர். அதுக்குள்ளை ஒரு வழி வராட்டில் நான் போறன். மண் தரையிலை தாய்மாரைச் சாகக் குடுத்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது."

அவர் மனத்தில் இருந்தது வள்ளி. ஒழுங்கைப் பாதைக்கு அப்பால், பனை அடர்ந்த பனங்கூடலுக்குள் இருந்த குடியிருப்பைச் சேர்ந்தவள். இரண்டு முறை வயிற்றில் வந்து இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. இரண்டாவது முறை அவளே மயிரிழையில்தான் தப்பினாள். இப்போது மூன்றாவது. துப்புரவான அறையும் கட்டிலும் இல்லாவிட்டால் இந்த முறை தாயையாவது காப்பாற்றித் தருவதாக வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று மிஸ்ஸி சொல்லிவிட்டார்.

கொழும்பில் ஒரு தென்னந்தோட்டக்காரர், பிள்ளைப்பேற்றில் இறந்த தன் மகளின் நினைவாக ஒரு தரும நிதியம் வைத்திருந்தார். அதற்கு எழுதுவதென்று சங்கம் முடிவு செய்தது. எங்கள் தலைவி மலாயாப் பென்சன்காரர் ஒருவரின் மனைவி. பெருந்தன்மையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்ட அன்றே, ரோட்டோரத்தில் கிணற்றோடு சேர்ந்த வளவுக் காணி ஒன்றைத் தருகிறேன் என்றார். கட்டடத்தில் தன் தாயாரின் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது.

நிதியத்தின் படிவம் இரண்டே பக்கம். யார் யார் பயன் பெறுவார்கள் என்று ஒரு கேள்வி. "ஊரின் எல்லாத் தாய்மாரும்" என்று எழுதினேன். நீர் வசதி உண்டா என்று இன்னொரு கேள்வி. "வளவினுள் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. எல்லாரும் பயன்படுத்தலாம்." பேனை தானாகவே எழுதிக்கொண்டு போனது. பதினொரு பக்கம் எழுதியவளுக்கு இரண்டு வரி என்ன பாரம்?

கூட்டத்தில் வாசித்துக் காட்டியபோது தலைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாத் தாய்மாரும் எண்டால், பனங்கூடல் பக்கத்தாலையும் வருவினமோ?"

"வருவினம் அக்கா."

"வரட்டும். பிள்ளைப்பேறு ஆருக்கும் பிள்ளைப்பேறுதானே. நான் மறிக்கேல்லை. ஆனா என்ரை கிணத்திலை கை வைக்க விடமாட்டன். ஆரும் அள்ளி ஊத்தட்டும்."

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில், சாதியின் பேரால் ஊர் தள்ளி வைத்த அந்தச் சனங்கள் எங்கள் கிணறுகளில் தண்ணீர் அள்ள முடியாது. குடத்தோடு வந்து தூரத்தில் நிற்பார்கள். வீட்டுக்காரர் யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றும் வரை நிற்பார்கள். சில நாள் உச்சி வெயில் வரைக்கும் நிற்பார்கள். பார்த்துப் பார்த்துப் பழகியதில் அது எங்கள் கண்ணிலேயே படுவதில்லை.

மிஸ்ஸி மட்டும் கேட்டார், "பேறு நடக்கேக்கை தண்ணி முடிஞ்சால் அள்ளி ஊத்த ஆரைத் தேடி ஓடுறது ரீச்சர்?" நான் அவர் தோளில் தட்டி, "முதல் காசு வரட்டும் மிஸ்ஸி, மற்றதைப் பிறகு பாப்பம்" என்றேன். படிவத்தில் எழுதிய வரியைத் திருத்தவில்லை. அது உண்மையல்ல என்று தெரிந்துகொண்டேதான் தபாலில் போட்டேன். பிழை என்று நான் சொன்னது இதைத்தான். அப்போது அது எனக்குச் சாமர்த்தியமாகத் தெரிந்தது.

பொங்கல் முடிந்த கிழமை, நிதியத்தின் சார்பில் ஒருவர் நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் ஊர்ச் சனத்துக்கு வரவேற்பு என்றால் காய்ச்சல் மாதிரி, பிடித்தால் இறங்காது. வளவு வாசற் படலையின் இரு பக்கமும் வாழை கட்டினார்கள். உட்கார நாலு வீட்டுக் கதிரைகள் வந்தன. அதில் கால் ஆடுகிற கதிரையைச் செயலாளருக்கு என்று ஒதுக்கினார்கள். பயற்றம் பணியாரம் மட்டும் மூன்று பெட்டி. மேளமும் பிடிப்போம் என்று தலைவி நின்றார். தையல் மெசின் கதையைச் சொல்லித்தான் அவரைத் தடுக்க முடிந்தது. அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டம் கவிழ்ந்தது.

வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு டொக்டர் அம்மா. மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை, கன்வஸ் சப்பாத்து. தாய் தகப்பன் எங்கள் பக்கத்தவர்கள் என்பதால் எங்கள் தமிழே அவருக்கு வந்தது. கொடிகாமத்தில் ரயிலால் இறங்கி, காரில் வந்து சேர்ந்தவர், வாழையையும் பார்க்கவில்லை, பணியாரத்தையும் பார்க்கவில்லை. "முதல் கிணத்தைப் பாப்பம்" என்றார். ஊரே அவருக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனது.

அவர் எட்டிப் பார்த்தார். "தண்ணி எப்பிடி?"

"கற்கண்டுதான் டொக்டர்" என்றார் தலைவி.

டொக்டர் அம்மா கையில் என் விண்ணப்பம் இருந்தது. என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் பயன்படுத்தலாம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். எல்லாரும் தங்கடை கையாலை அள்ளலாமோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அறை வரும், மிஸ்ஸி நிற்பார், தலைவிக்கும் மரியாதை. யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்லப் போவதில்லை. ஊருக்கே அந்தப் பொய் தேவையாக இருந்தது. ஆனால் வேலிக்கு வெளியே, ரோட்டோரத்தில், எட்டு மாதம் தாண்டிய வயிற்றோடு வள்ளி நின்றாள். இடுப்பில் வெறுங்குடம். தண்ணீருக்காக வழக்கமாக அவள் காத்து நிற்கிற இடம் அதுதான். அவளைப் பார்த்துக்கொண்டு ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லை டொக்டர்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவசரமாக, "வளவுக்காரருக்கு அதிலை விருப்பமில்லை" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் தலைவியைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார். "உங்கடை வீட்டுக் கிணத்திலை?"

பிள்ளைகளே, என் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. கணவருக்குக் கோலாலம்பூரில் வேலை. வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். கூடப் பிறந்த அக்காவோடு பங்குக் கிணறாக இருந்திருந்தாலாவது ஒரு சாட்டுச் சொல்லியிருப்பேன். முழுக் கிணறும் என் பெயரில் இருந்தது. அந்தக் கிணற்றில் பனங்கூடல்காரர் யாரும் அள்ளியதில்லை. அள்ள விடலாம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதுமில்லை.

"இல்லை" என்றேன். இந்த முறை என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"சரி. நான் கண்டதை எழுதுவன்" என்றார். ஒரு கதலி வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

கார் மறைந்ததும் தலைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ரை வளவிலை நிண்டுகொண்டு என்னையே காட்டிக் குடுத்திட்டாய்! என்ரை கிணறு அப்பிடி, உன்ரை கிணறு என்ன கங்கையோ?" அவர் கேட்டது நியாயம். வளவும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். மூன்று பெட்டிப் பணியாரத்தையும் ஊர்ப் பிள்ளைகள் முடித்து வைத்தார்கள்.

அடுத்த நாள் மிஸ்ஸியின் கொட்டிலுக்குப் போனால் அவர் ட்ரங்குப் பெட்டியில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நிதி வராது, அது விளங்குது. தை முடிய நான் போறன். ஆனா வள்ளிக்கு அதுக்கு முதலே பிள்ளை பிறந்திடும். உங்கடை தெற்கு அறை சும்மாதானே கிடக்குது ரீச்சர்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மூன்று நாள் யோசித்தேன். எதை யோசித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். என் கூடப் பிறந்த அக்கா இனி என் வீட்டில் கை நனைக்க மாட்டாரே என்று யோசித்தேன். பள்ளிக்கூட மனேச்சர் கூப்பிட்டு விசாரிப்பாரே என்று யோசித்தேன். கோலாலம்பூருக்கு யார் முதலில் கடிதம் போடுவார்கள் என்றுகூட யோசித்தேன். வள்ளியைப் பற்றி யோசித்தது கடைசியில்தான். நாலாம் நாள் மிஸ்ஸிக்குச் சொல்லியனுப்பினேன், கூட்டிக்கொண்டு வாங்கோ என்று.

அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. மிஸ்ஸியின் தோளைப் பிடித்துக்கொண்டு வள்ளி நடந்து வந்தாள். பின்னால் அவள் தாய், கையில் ஒரு குடம். அறையை முதல் நாளே கழுவி, என் கட்டிலைப் போட்டு வைத்திருந்தேன். பத்து மணிக்கெல்லாம் மிஸ்ஸியின் முகம் மாறிவிட்டது. என்னை வள்ளியின் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சுட வைத்திருந்த தண்ணீர் முடிந்து போனது.

"தண்ணி! கெதியா!"

நான் யன்னலால் தாயைப் பார்த்துக் கத்தினேன். "அள்ளிக்கொண்டு வாவன்!"

அவர் கிணற்றுக்கு ஆறு அடி தள்ளி நின்றார், அசையவில்லை. "நாச்சியார், நான் எப்பிடி..." என்றார். உள்ளே மகள் துடிக்கிறாள், முன்னால் கிணறு, கையில் குடம். ஆனாலும் கால் எடுபடவில்லை. வேலிக்கு மேலால் அயல் வீட்டுத் தலைகள் இரண்டு மூன்று எழும்பியிருந்தன.

நான் வெளியே ஓடி, கயிற்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். வேலிப் பக்கம் நான் திரும்பவில்லை. யாரும் என்னைத் தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். அவர் வாளியை இறக்கினார். அள்ளினார். நிறைந்த வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். வைத்துவிட்டு, காலமெல்லாம் செய்த பழக்கத்தில் இரண்டு அடி பின்னால் போய், குடத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார், நான் ஊற்றுவேன் என்று.

தன் கையால் அள்ளிய தண்ணீருக்கு அவர் அப்படிக் காத்து நின்றதைக் கண்டேன். இத்தனை வருசம் என் கிணற்றடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுவதற்கு நேரமில்லை. "அம்மா, அது நீங்கள் அள்ளின தண்ணி. நீங்களே ஊத்துங்கோ" என்றேன். என்னை நாச்சியார் என்று கூப்பிட்டுப் பழகியவரை நான் அம்மா என்று கூப்பிட்டதும் அன்றுதான் முதல்.

உச்சிப் பொழுதுக்கு முன் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று வளவுக்குக் கேட்கிற குரல். வள்ளி களைத்துக் கிடந்தாள், ஆனால் கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேட்டாள். மிஸ்ஸி சுவரோடு சாய்ந்து தரையில் இருந்தபடி சிரித்தார்.

அன்று பின்னேரமே நிதியத்துக்கு எழுதினேன். அரைப் பக்கம். கிணறு பற்றி நான் முன்பு எழுதியது உண்மையல்ல. இன்று காலை என் வீட்டுக் கிணற்றில் வள்ளியின் தாயார் தண்ணீர் அள்ளினார். தாயும் பிள்ளையும் சுகம். தலைவியின் வளவு இல்லை என்றாகிவிட்டது. என் வளவில் கட்டலாமென்றால் அந்தக் கிணற்றில் எல்லாரும் அள்ளலாம். என் வாழ்நாளில் எழுதிய விண்ணப்பங்களில் மிகச் சின்னது அதுதான். கடைசி வரி எழுதும்போது பேனை தானாக ஓடவில்லை.

நான் பயந்தவை பெரும்பாலும் நடந்தன. என் கூடப் பிறந்த அக்கா இரண்டு வருசம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அது எனக்கு வலித்தது. மனேச்சர் கூப்பிட்டு, "என்ன ரீச்சர் உப்பிடிச் செய்துபோட்டியள்?" என்று கேட்டார். மேல் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்க வேறு ஆள் கிடையாததால் அதோடு விட்டுவிட்டார். கோலாலம்பூரிலிருந்து கணவர், "கிணறு உன்னுடையது, கதையும் உன்னுடையது" என்று எழுதினார். அது கோபமோ சம்மதமோ, நான் கேட்டுத் தெளியவில்லை.

தை முடிய மூன்று நாள் இருக்கையில் நிதியத்தின் பதில் வந்தது. தருகிறோம், ஆனால் கிணற்றில் யாரும் அள்ளலாம் என்பதை வளவின் உறுதிப் பத்திரத்திலேயே எழுத வேண்டும் என்றிருந்தது. செய்தி ஊரில் பரவ அரை நாள் போதும். பின்னேரம் தலைவி என் படலைக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"உன்ரை வளவிலையோ கட்டப்போறாய்?"

"அப்பிடித்தான் அக்கா எழுதினனான்."

"என்ரை அம்மாவின்ரை பேரை உன்ரை சுவரிலையோ எழுதப்போறாய்?"

நான் படலையை அகலத் திறந்துவிட்டேன்.

"உன்ரை கிணத்துத் தண்ணி சவர், உப்புக் கரிக்குது. பெத்த தாய்மாருக்கு உதையோ குடுக்கப்போறாய்?"

"வேறை கிணறு இல்லையே அக்கா."

வெற்றிலையை மென்றபடி ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "என்ரை கிணத்திலை அள்ளட்டும். போய் உறுதி எழுத நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு வா, எனக்கு மனம் மாற முதல்" என்றார்.

மிஸ்ஸி ட்ரங்குப் பெட்டியைத் திரும்பக் குலைத்தார். ஆவணியில் அறை திறந்தது, தலைவியின் தாயார் பெயரோடு. டொக்டர் அம்மாவும் வந்தார். அந்த முறை பணியாரமும் சாப்பிட்டார்.

தலைவியின் மனம் மாறியதா என்று நீங்கள் கேட்பீர்கள். கடைசி வரைக்கும் அவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கவில்லை. கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலிருந்து ஒரு செம்பில் தன் தண்ணீரைக் கொண்டுவருவார். ஆனால் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. கிணற்றுக் கயிறு தேய்ந்தால் புதுக் கயிறு வாங்கிப் போட்டதும் அவர்தான். எல்லாருடைய மனமும் மாறிய பிறகு கயிற்றைக் கொடுப்போம் என்று நான் இருந்திருந்தால் வள்ளி இருந்திருக்க மாட்டாள்.

ஒருநாள் கூட்டம் முடிந்து தலைவி செம்பைத் தூக்கிக்கொண்டு போனதும், புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி சிரித்தாள். "பாத்தீங்களோ மிஸ்ஸி, மனிசி இன்னும் திருந்தேல்லை."

மிஸ்ஸி கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "அவ குடிக்காட்டில் என்ன பிள்ளை? மறிக்கேல்லையெல்லோ. எனக்கு அது போதும்" என்றார்.

நின்று கதைக்க அவருக்கு நேரமில்லை. உள்ளே வள்ளியின் அடுத்த பிள்ளை அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. வெளியே அவள் தாய், யாரையும் கேட்காமல், வாளியைக் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.